கல்யாணத் திகதி முடிந்த பிறகும் நடக்க ஒரு காரணம்

கேள்வி:

டொக்டர், எனக்கு வயது 43. உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஃபிளாட், கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை. வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. சமையல் பெரும்பாலும் மாமிதான். மகளின் சாமத்திய வீட்டுக்காக ஒரு தடவை 6 கிலோ குறைத்தேன். பிறகு தங்கச்சியின் கல்யாணத்துக்காகச் சோற்றை அறவே நிறுத்தி, இராச்சாப்பாட்டையும் விட்டு 9 கிலோ குறைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு வருசத்துக்குள் 11 கிலோ ஏறிவிட்டது. போன மாதம் இரத்தம் சோதித்தேன். வெறும் வயிற்றில் சீனி 112, எச்பிஏ1சி 6.1. அப்பாவுக்குச் சலரோகத்தால் கால் விரல்கள் இரண்டை எடுத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு மனம் வருகுதில்லை. ஒவ்வொரு திங்களும் தொடங்குகிறேன், புதனோடு விட்டுவிடுகிறேன். லிஃப்ட் பழுதானால் மரக்கறிப் பையோடு மேலே ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. சின்னவன் கடற்கரைக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாட்டுச் சொல்கிறேன். இரவு எல்லாரும் படுத்த பிறகு ரீவிக்கு முன்னால் இருந்து மிக்சரும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, பிறகு என்னை நானே திட்டுகிறேன். ஒஃபிஸில் ஒருத்தி ஊசி போட்டு மெலிகிறாள். நானும் போடலாமா? இந்த மனதை எப்படித்தான் கொண்டுவருவது?

வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி,

மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதமோ வேறு கதை சொல்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு, 9 கிலோ குறைத்த ஒருவருக்கு மனவுறுதி இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். உங்களுக்கு இரண்டு தடவையும் மனம் வந்தது. இரண்டு தடவையும் அதற்கு ஒரு திகதி இருந்தது. சாமத்திய வீடு முடிந்தது, கல்யாணம் முடிந்தது, அல்பம் வந்தது. அதற்குப் பிறகு எதற்காகப் பட்டினி கிடப்பது என்று உடம்பு கேட்டபோது உங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஏறிய 11 கிலோவுக்கும் உங்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து நிறையைக் குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹோர்மோன் அப்போதும் கூடுதலாக இருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் அப்போதும் குறைவாகவே இருந்தது. அவர்களுக்குப் பசியும் கூடியிருந்தது. வேகமாகக் குறைத்த உடம்பு, இழந்ததைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு உங்களுக்கு வந்த அந்த அடங்காப் பசி, நீங்கள் பேராசைப்பட்டதால் வந்ததல்ல. சோற்றை அறவே விடும் வழிக்கு மறுபடி போகவேண்டாம் என்று நான் கேட்பதும் இதனால்தான்.

இனி உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5இலிருந்து நீரிழிவு. வெறும் வயிற்றுச் சீனி 100 முதல் 125 வரை இருந்தாலும் அதே முந்திய நிலைதான். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே போகவில்லை. உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 32 வருகிறது. எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. வெள்ளைக்காரரைவிடக் குறைந்த நிறையிலேயே எங்கள் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, சீனி ஏறத் தொடங்கிவிடும். வீட்டில் தையல் நாடா இருந்தால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. இன்று எவ்வளவு இருந்தாலும் பயப்படாதீர்கள். தராசு அசையாத வாரங்களிலும் நாடாவில் மாற்றம் தெரியும்.

நீங்கள் முக்கியமாக அறியவேண்டிய இரண்டு ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் உங்களைப் போல வாசலில் நின்றவர்களிடம் உடம்பு நிறையில் 7 சதவீதத்தைக் குறைக்கவும், வாரம் 150 நிமிடம் நடக்கவும் சொன்னார்கள். மூன்று வருட அளவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சீனியைக் குறைக்கும் மெட்போமின் குளிசை எடுத்தவர்களுக்கு 31 சதவீதமே குறைந்தது. இது 2002இல் வெளிவந்தது. உங்கள் கணக்கில் 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோவுக்குக் கிட்ட. கல்யாணத்துக்காக நீங்கள் குறைத்ததில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

மற்றது எங்களுக்கு இன்னும் கிட்டியது. சென்னையில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வு. எங்களைப் போலச் சோறும் குழம்பும் சாப்பிடுகிற மக்கள். சாப்பாட்டைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் நிறையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை! தராசு அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடந்திருக்கிறது. புதன்கிழமை தராசில் ஏறி, அது அசையவில்லை என்று கைவிடும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்பாவின் விரல்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பெரிய துயரம். அந்தப் பயம்தான் உங்களை இரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு, களைத்துப்போய், காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, இருபது வருடம் கழித்து வரக்கூடிய ஒரு நோய் உங்களை எழுப்பி நடக்கவைக்காது. யாரையும் நடக்கவைக்காது. அதற்குக் கிட்டத்தில் இருக்கிற காரணம் வேண்டும், ஒவ்வொரு வாரமும் கையில் பலன் தருகிற காரணம். அதை நான் தேடவேண்டியதில்லை, நீங்களே எழுதிவிட்டீர்கள்: மூன்று மாடிப் படி, சின்னவனின் கடற்கரை. இந்த இரண்டுக்கும் முடிவுத் திகதி இல்லை, பார்க்க மண்டபத்தில் ஆட்களும் இல்லை. இன்று முதலாம் மாடியில் மூச்சு வாங்கினால், தொடர்ந்து நடந்துவர, சில வாரங்களில் இரண்டாம் மாடி வரை வாங்காமல் போகும். நிறை குறைவதற்கு முன்பே இது நடக்கும். அதைக் கவனித்து எழுதி வையுங்கள். ஆனால் ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால், நடைப் பயிற்சி தொடங்குமுன் வைத்தியரைப் பார்த்து ஈசிஜி எடுக்கவேண்டும்.

இப்போது அந்த இரவுச் சாப்பாடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், உங்கள் கடிதத்தின் முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். காலையில் பிள்ளைகளை அனுப்பி, வேலைக்குப் போய், வந்து, பாடம் சொல்லிக் கொடுத்து, பாத்திரம் கழுவி, எல்லாரும் படுத்த பிறகுதான் நீங்கள் இருக்கிறீர்கள். ஒரு நாளில் உங்களுக்கென்று இருப்பது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும். அதில் மிக்சர் போத்தலைத் திறக்கும் கைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஓய்வுதான். வேறு யாரும் எதுவும் கேட்காத நேரத்தில், கிடைக்கிற ஒரேயொரு இன்பமாகச் சாப்பாடு வந்து நிற்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டால் மூன்று நாளுக்கு மேல் யாராலும் தாங்கமுடியாது. திங்கள் தொடங்கி புதனில் விடுவது இதனாலேயே என்று எனக்குப் படுகிறது.

அதனால் மிக்சரை நிறுத்துவதற்கு முன்னால் ஓய்வைக் கூட்டுங்கள். இராச்சாப்பாட்டுப் பாத்திரம் கணவருடைய வேலை என்று இன்றே பேசி முடிவெடுங்கள். உதவி கேட்பதுபோலக் கேட்காதீர்கள், பங்கு பிரிப்பதுபோலப் பேசுங்கள்; இது மருத்துவ ஆலோசனை என்று என் பெயரில் போட்டுவிடுங்கள். சாமத்தியமான மகள் இருக்கிறாள், அவளுக்கும் கை உண்டு, சின்னவனுக்கும் உண்டு. அப்படி அரை மணித்தியாலம் கிடைத்தால் அதை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தோடு படுக்கவும் பாருங்கள். நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும், இனிப்பிலும் பொரித்ததிலும் மனம் போகும். ஐந்து மணித்தியாலம் தூங்கிவிட்டு மறுநாள் பிஸ்கட்டைப் பார்த்து வெல்லவேண்டும் என்று உங்களிடமே எதிர்பார்க்காதீர்கள். அத்தோடு மிக்சரைப் போத்தலில் வாங்கி வைக்காமல், சாப்பிட ஆசை வந்த அன்றைக்குச் சின்னப் பக்கெட்டாக வாங்குங்கள். வீட்டில் இல்லாததை இரவு பத்தரைக்கு யாரும் கடைக்குப் போய் வாங்கமாட்டார்கள்.

உங்களை நீங்களே திட்டுவதையும் நிறுத்துங்கள். உறவுக்காரர் கல்யாண வீடுகளில் “என்ன இப்படி வைச்சிட்டீர்?” என்று கேட்பதும், கண்ணாடிக்கு முன்னால் நீங்கள் உங்களைக் கேட்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உடம்பைச் சொல்லி வெட்கப்படுத்தப்படுகிறவர்கள் அதனால் மெலிவதில்லை, மனம் நொந்து கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் பார்க்கும் பெண்களிடமும் இதையே காண்கிறேன். திட்டிய இரவுக்கு அடுத்த இரவு போத்தல் இன்னும் சீக்கிரமாகத் திறபடும்.

அடுத்தது மாமியின் சமையல். தனக்கென்று தனிச் சாப்பாடு செய்கிற மருமகள் வீட்டில் எத்தனை நாள் நிலைப்பாள்? மாமிக்கும் அது வலிக்கும். அவரோடு மோதாதீர்கள், அவரிடமே போங்கள். ரிப்போர்ட்டைக் காட்டி, “மாமி, டொக்டர் இப்படிச் சொல்கிறார், நீங்கள்தான் வழி சொல்லவேண்டும்” என்று கேளுங்கள். அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த சாப்பாட்டை நான் எழுதித் தரவேண்டியதில்லை. குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பயறு அவித்தது, மீன் தண்ணிக் குழம்பு. நகரத்து அவசரத்தில் பாணும் பொரியலும் வந்து இவற்றை ஒதுக்கிவிட்டன. சோற்றை விடவேண்டாம். கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசிக்கு மீனோ பருப்போ முட்டையோ, மிச்சக் கால்வாசிக்குச் சோறு. சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லது. ஆனால் சிவப்பரிசி என்றதற்காக மலைபோலக் குவித்தால் பலனில்லை. புட்டுக்குத் தேங்காய்ப்பூ அளவாக, சொதிக்கு முதற்பாலைக் குறைத்து. எண்ணெயில் பொரிப்பது கிழமையில் ஒரு நாள். மாமிக்குப் பிரஷரோ சீனியோ இருந்தால் (அந்த வயதில் பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும்) இந்தச் சாப்பாடு அவருக்கும் மருந்து. பிள்ளைகளுக்கும், அவர்கள் தாத்தாவின் நோயை நினைத்தால், இது தேவை.

ஒஃபிஸில் மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சல் வாங்குவதென்றால் அதில் உள்ள சோறு பெரும்பாலும் இரண்டு பேருக்கானது. திறந்தவுடனேயே பாதியைப் பிரித்து வையுங்கள், சாப்பிடத் தொடங்கிய பிறகு பிரிக்கமுடியாது. பின்னேரப் பால்தேநீரும் றோல்ஸும் வழக்கமாக இருந்தால், றோல்ஸுக்குப் பதில் அவித்த கடலையோ ஒரு கொய்யாவோ கொண்டு போங்கள். தேநீர்ச் சீனியைக் கணக்குப் பாருங்கள், கணக்கு உங்கள் தொழில்தானே. நாளுக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் எட்டுத் தேக்கரண்டி, 32 முதல் 40 கிராம் வரை. ஒரு நாள் முழுவதுக்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டை ஒன்றரையாக்கி, பத்து நாள் போக ஒன்றாக்குங்கள். நாக்கு பழகிவிடும். சோடாப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடுகிறார்கள் அல்லவா, சின்னவனுக்கு அதை வாசிக்கப் பழக்குங்கள். சிவப்பு வட்டம் போட்டது வீட்டுக்குள் வரவேண்டாம்.

நடைக்கு வெள்ளவத்தையைவிட வசதியான இடம் கொழும்பில் அதிகம் இல்லை. வேலை முடிந்து வரும்போது பம்பலப்பிட்டியில் இறங்கி, மரைன் டிரைவ் வழியாகக் கடற்காற்றோடு வீட்டுக்கு நடந்து வாருங்கள். சுமார் அரை மணித்தியாலம். கிழமையில் ஐந்து நாள் நடந்தால் அந்த 150 நிமிடமும் நிறைந்துவிடும். வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டால் திரும்பி வெளியே வரமுடியாது என்பது உங்களுக்கே தெரியும், அதனால்தான் வழியில் இறங்கச் சொல்கிறேன். ஒரு சோடி நல்ல சப்பாத்தை ஒஃபிஸ் மேசைக்குக் கீழே வையுங்கள். தண்டவாளப் பக்கம் நடக்கவேண்டாம். முதல் வாரம் ஐந்து நாள் வேண்டாம், இரண்டு நாள் போதும். மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் மழை பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஃபிளாட் கொரிடோரில் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பிறகு நடக்கும் நடை, ஏறும் சீனியை அந்த நேரத்திலேயே இறக்கும். சனி அல்லது ஞாயிறு ஒரு நாளைச் சின்னவனுக்குக் கொடுங்கள். அவன் கடற்கரையில் ஓடட்டும், நீங்கள் உங்கள் வேகத்தில் நடங்கள்.

40 வயதுக்குப் பிறகு தசை கரையத் தொடங்குவதால், கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருப்பதை வாரம் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். முழங்கால் நொந்தால் உயரமான கதிரையில்.

ஒரு நாள் தவறும். யாராவது பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், ஒரு கிழமை காய்ச்சல் வரும், கதிரேசன் கோயிலில் திருவிழா வரும். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில், புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்க எவ்வளவு நாள் எடுக்கிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் வேரூன்றுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே புதனில் தவறினால் வியாழன் தொடருங்கள், அடுத்த திங்கள் வரை காத்திருக்காதீர்கள். வாரத்தில் மிச்சம் நாலு நாள் இருக்கும்போதே அதை முடிந்துபோன வாரமாகத் தள்ளிவிடுவதுதான் உங்களைத் திரும்பத் திரும்பத் தொடக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஏமாற்று மருந்து அல்ல. செமாகுளுடைட் ஊசியைச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் நடையோடும் 68 வாரம் போட்டவர்கள் சராசரியாக உடம்பு நிறையில் 15 சதவீதத்துக்குக் கிட்டக் குறைத்தார்கள். நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. செலவும் சின்னதல்ல. உங்கள் பிஎம்ஐக்கு அதைப் பற்றி ஒரு வைத்திய நிபுணரோடு பேசலாம், வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் ஒஃபிஸ் தோழியின் ஊசியைப் பங்குபோடுவதோ, சீட்டில்லாமல் எங்கேயாவது வாங்குவதோ கூடவே கூடாது. என் எண்ணம், முதலில் மூன்று மாதம் மேலே சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது. ஒன்லைனில் விற்கும் மெலியும் தேநீர், மூலிகைக் குளிசை எதையும் தொடாதீர்கள். இத்தகைய பொருட்கள் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்து மறைவாகக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இருதயத்துக்குக் கெடுதல் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது.

சில பரிசோதனைகள் மிச்சம் இருக்கின்றன. தைரொயிட் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. தைரொயிட்டுக்கான டிஎஸ்எச், கொலஸ்ட்ரோல், பிரஷர் மூன்றையும் பாருங்கள். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நிற்கிறதா என்று கணவரைக் கேளுங்கள். ஆம் என்றால் வைத்தியரிடம் சொல்லவேண்டும், பகல் களைப்புக்கு அதுவும் காரணமாகலாம். தனியார் ஆஸ்பத்திரிச் செலவு யோசனையாக இருந்தால் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்குப் போங்கள். நிறை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்த்து ஆலோசனையும் சொல்வார்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய இடுப்பையும் அளக்கட்டும்.

எச்பிஏ1சி கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும், அதனால் மூன்று மாதத்துக்கு முன்னால் திரும்பச் செய்து காசை வீணாக்காதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் செய்து, அந்த எண்ணையும், இடுப்பு அளவையும், எந்த மாடியில் மூச்சு வாங்குகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.